கப்பல்காரப் பிள்ளைக்கு விட்ட இடம்

ராயபுரத்தில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம், எனக்கு அதன்மேல் ஆசையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். பி.காம். முடித்துவிட்டு, விம்கோ நகரிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து, ரசீது போடவும் ஆல்பம் ஒட்டவும் சேர்ந்தவள் நான். முதலாளி படம் பிடிப்பதில் கெட்டிக்காரர். மவுஸைத் தொட்டால் மட்டும் அவருக்கு வியர்த்துவிடும். "டைப்பிங் தெரியும்ல உனுக்கு? நீயே உக்காரும்மா" என்று ஒருநாள் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார். அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

படம் திருத்தும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவன், "எல்லாம் அதுலயே கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எல்லாம் அதில்தான் இருந்தது. எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. திரையின் இடது ஓரத்தில் நீளமாக ஒரு கருவிப்பெட்டி, அதற்குள் பொடிப்பொடியாகப் படங்கள். வலது பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சின்னச் சின்னப் பலகைகள். மேலே மெனு, அதைத் திறந்தால் இன்னொரு மெனு. நடுவில் ஒன்றுமேயில்லாத சாம்பல் நிற வெட்டவெளி. அடுத்த வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பாவைத் தேடுகிறவளைப் போல ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

கேட்க ஆள் இல்லாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஓரம் வெட்டுவதற்குச் சுருக்குக் கயிறு. ஓர் இடத்துத் தோலை எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டுவதற்கு முத்திரை. மந்திரக்கோல் என்று ஒன்று உண்டு, சரியான பித்தலாட்டம் அது. பின்னால் இருக்கும் திரைச்சீலையைப் பிடி என்றால் கல்யாணப் பெண்ணின் பாதிக் கன்னத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரும். முத்திரை கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வட்டாரத்து முகப்பருவையெல்லாம் அழித்தேன். பரு என்று நினைத்து ஒரு பெண்ணின் அதிர்ஷ்ட மச்சத்தையும் அழித்துவிட, அவள் குடும்பமே திரண்டு வந்து மச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனது.

இதிலெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். கோபம் வேறொன்றில். பல நாள் காலையில், நான் உட்காரும் நேரத்துக்குக் கருவிப்பெட்டி காணாமல் போயிருக்கும். பெட்டி மட்டுமல்ல, வலது பக்கத்துப் பலகைகளும்தான். மெனுவில் போய் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். மறுநாள் ஒழுங்காக இருக்கும். அதற்கு மறுநாள் மறுபடி மாயம். முதலாளி மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பார்த்தார். அப்புறம் ஊதுவத்திப் புகை ஆகவில்லையோ என்று ஊதுவத்தியை நிறுத்திப் பார்த்தார். "இன்னா பேஜாருமா இது, காசு குடுத்து பேயை வாங்கிக்கினு வந்துட்டனா?" என்பார். எனக்கு அந்தப் பேயை இரண்டு அறை அறையலாம் போல இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அந்த அம்மா வந்தார். தேவாலயத்துக்குப் பின்தெருக்காரர். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, மூத்த பிள்ளைக்குக் கப்பலில் வேலை. மகளுக்குக் கல்யாணம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. படம் எடுத்தவர் எங்கள் முதலாளி. அந்த அம்மா குடும்பப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை, பெண், அப்பா, அம்மா என்று வரிசையாக நிற்கிறார்கள். பெண்ணுக்கும் அப்பாவுக்கும் நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம்.

"இந்த எடம் எம்புள்ளைக்கு. லீவு கெடைக்கும்னு சொன்னான், கடைசில கப்பலு வுடல. கிறிஸ்மஸ்னா அவனுக்கு ஒரு தட்டு வெச்சிட்டுத்தான் நாங்க சாப்புடுவோம். படத்துல மட்டும் எடம் வுடாம நிப்போமா? ஒங்க முதலாளிதான் சொன்னாரு, எடம் வுட்டு நில்லுங்க, கம்ப்யூட்டர்ல சேத்துக்கலாம்னு."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கேமராப் பையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பொண்ணு நாளைக்குச் சாயங்காலம் பம்பாய் போறா. இனிமே எப்பம்மா எல்லாரும் ஒண்ணா நிப்போம்? அவ பெட்டில இந்தப் படம் முழுசாப் போவணும், அவ்ளோதான்" என்றார். கெஞ்சவில்லை. கடையில் கால் கிலோ பருப்பு கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். எனக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை. பருவை அழிப்பது ஒன்று, ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது வேறொன்று.

பிள்ளையின் படம் கேட்டேன். கட்டாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, எண்ணெய்க் கறை படிந்த உடுப்பு. முகம் தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், கப்பல் வேலைக்கான புத்தகத்தில் ஒட்ட எங்கள் ஸ்டூடியோவிலேயே எடுத்தது. கழுத்துக்குக் கீழே அதில் எதுவும் இல்லை.

"தலைதாம்மா இருக்கு. உடம்புக்கு எங்க போறது?"

"கோட்டு கீது. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு தெச்சி வெச்சது, போடாம அப்படியே தொங்கிகினு கீது."

முதலாளிக்கு வேகம் பிறந்துவிட்டது. வாக்குக் கொடுத்தவர் அவரல்லவா. கோட் வந்ததும் தானே மாட்டிக்கொண்டு பின்திரைக்கு முன்னால் நின்றார். புதிதாக வாங்கியிருந்த சின்ன டிஜிட்டல் கேமராவால் நான் எடுத்தேன். பொத்தான் போடும்போது அவர் மூச்சைப் பிடித்த பிடியில் முகம் சிவந்துபோனது. நல்லவேளை, முகம் தேவையில்லை.

அந்த அம்மா என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டு படத்தையும் ஸ்கேனரில் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பிள்ளையின் தலையை வெட்டி எடுத்து, முதலாளியின் கழுத்தில் வைத்து, வெற்றிடத்துக்கு நகர்த்தினேன். பிள்ளை அப்பாவின் மேல் ஏறி நின்றான். பாதி அப்பாவைக் காணவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுடா" என்றார் அந்த அம்மா, திரையைப் பார்த்து.

அடுக்குகள் காட்டும் பலகை ஒன்று வலது பக்கம் உண்டு. எது மேலே, எது கீழே என்று அங்கேதான் தெரியும். அசல் கெட்டுவிடக் கூடாதென்று எப்போதும் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து அதன்மேலேயே வேலை செய்வேன். பிள்ளையைப் பிடித்து ஓர் அடுக்கு கீழே இறக்கினேன். ஆள் மொத்தமாக மறைந்துபோனான்.

"எங்கம்மா போனான்?"

"இங்கதாம்மா இருக்காரு. படத்துக்குப் பின்னாடி நிக்கிறாரு."

"பின்னாடி நின்னுக்கினு இன்னா பண்றான்? முன்னால வரச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்தபோதுதான் புத்தியில் உறைத்தது. அப்பாவை மட்டும் தனியாக வெட்டி எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அடுக்காக வைத்தால், பிள்ளை நடுவில் நிற்பான். முன்னால் அப்பாவின் தோள், பின்னால் கல்யாண மண்டபம். அதுவரை அந்தப் பலகையை இரண்டு படத்தை ஒட்டும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். அது மனிதர்களை நிறுத்தி வைக்கும் இடம் என்று அன்றைக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து எல்லாம் பேயாட்டம் ஆடின. கருவிப்பெட்டி வந்தது, போனது, வந்தது, போனது. பலகைகளும் கூடவே மின்னின, திருவிழா சீரியல் விளக்கு போல. முதலாளி கிறிஸ்தவர் இல்லை, ஆனாலும் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கீபோர்டைப் பார்த்தேன். அந்த அம்மாவின் சுருக்குப்பை அதன் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. பையை எடுத்தேன். ஆட்டம் நின்றது. வைத்தேன். மறுபடி ஆடியது. பைக்கு அடியில் இருந்த விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினேன். 'டேப்' என்று எழுதியிருந்ததை ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் மாயம், இன்னொரு தட்டுக்கு எல்லாம் ஆஜர்.

பேய் யாரென்று அப்போது விளங்கியது. நான்தான். கடை வாசலில் நாளெல்லாம் கன்டெய்னர் லாரிகள் போகும் சாலை. ராத்திரி மூடிவிட்டுப் போனால் காலையில் எல்லாவற்றின்மேலும் கறுப்பாக ஒரு படலம் படிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் எந்த வேலையும் துணியை எடுத்துத் துடைத்த பிறகுதான் ஆரம்பிக்கும். மென்பொருள் திறக்க ஒரு டீ போடும் நேரம் ஆகுமென்பதால் முதலில் அதைத் தட்டிவிட்டு, அது திறப்பதற்குள் மேஜை, மானிட்டர், கீபோர்டு என்று அழுத்தி அழுத்தித் துடைப்பேன். துணி அந்த விசையில் ஒற்றைப்படையாகப் பட்ட நாளெல்லாம் பெட்டி மாயம். சொன்னதும் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோட்டில் ஒரு பொத்தான் தெறித்தது.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இடத்தில் வந்து நின்றுவிட்ட பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சி அவன்துதான். ஆனா இது எம்புள்ள இல்லம்மா."

"ஏம்மா?"

"அவன் இப்பிடி நெஞ்ச நிமித்திகினு நிக்க மாட்டான்."

மிச்சமிருந்த பொத்தான்களைக் கழற்றிக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தார் முதலாளி. வேலை நன்றாக வந்திருந்தது. ஓரம் சுத்தமாக இருந்தது, வெளிச்சம் பொருந்தியது. அதனாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. சரியில்லை என்று அந்த அம்மா சொன்ன இடத்தைத் திருத்த, எனக்குத் தெரிந்த எந்த மெனுவிலும் கருவி இல்லை.

மறுநாள் காலையில் அந்த அம்மா கையில் கோட்டோடும் பின்னால் வீட்டுக்காரரோடும் வந்தார். மகளைச் சாயங்காலம் ரயிலேற்ற வேண்டுமென்பதால் அவர் லீவு போட்டிருந்தாராம். கோட் அவருக்குக் கொஞ்சம் தொளதொளத்தது. முதுகுப் பக்கம் துணிக் கிளிப்புகளைப் போட்டு இறுக்கினேன். எப்படி நிற்பது என்று கேட்டார். "சும்மா நில்லுங்க சார்" என்றேன். சும்மா நின்றார். எடையை ஒரு காலில் போட்டு, ஒரு தோள் இறங்கி, கைகள் முன்னால் ஒன்றின்மேல் ஒன்று.

"டேய்" என்றார் அந்த அம்மா.

அதைச் சொன்னது அவருக்கே தெரியவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இத்தினி வருசமா ரெண்டு பேரையும் பாத்துக்கினு கீறேன். இவுரு மாதிரிதான் அவன் நிக்கிறான்னு தெர்ல பாரேன்."

அந்த மனிதருக்கு வெட்கம் தாங்கவில்லை. படம் எடுத்து முடித்தும் கொஞ்ச நேரம் கோட்டைக் கழற்றாமலேயே நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு என் கை ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தேடவில்லை. சுருக்குக் கயிற்றால் ஓரம் வெட்டினேன், தலையைக் கழுத்தில் பொருத்தினேன், நிழலை அளவாகப் போட்டேன், முன்னே பின்னே நிறுத்த வேண்டியவர்களை நிறுத்தினேன். படம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் டேப்பை ஒரு தட்டு, பெட்டி வேண்டுமென்றால் இன்னொரு தட்டு. முட்டிக்கொண்டிருந்த மாடு பழகிப்போய்ச் சொன்னபடி வந்தது மாதிரி இருந்தது. யானைக்கவுனி கலர் லேபில் பிரிண்ட் போட்டுவர முதலாளி வாசலில் பைக்கோடு நின்றார்.

லேபுக்குக் கொடுக்கச் சி.டி.யில் ஏற்றுவதற்கு முன் மகளும் வந்து சேர்ந்தாள். அந்த அம்மா திரையில் விரலை வைத்து ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். "எல்லாரும் கீறோம்" என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் முகத்தை அல்ல, கோட்டுக்குக் கீழே இருந்த கைகளை.

"அக்கா, இது நைனா கைதான?"

கயிறும் கொக்கியும் பிடித்த கை அது. சுட்டுவிரல் ஒரு பக்கமாக வளைந்து, நகம் பிளந்திருந்தது. பக்கத்தில் அப்பாவாகவே நிற்பவரிடமும் அதே கை, அதே விரல். பிள்ளையின் விரல் அப்படி இருக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முத்திரையால் ஐந்து நிமிடத்தில் நேராக்கிவிடலாம் என்றேன். அப்பா தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மாத்திடும்மா. அவன் கை நல்லாருக்கும்" என்றார்.

நான் முத்திரைக் கருவியைக் கையில் எடுத்தேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வோணாங்க்கா, அப்பிடியே வுடு. அண்ணனால வர முடியலன்னு நைனாவே ரெண்டு தடவ வந்து நின்னுச்சுல்ல, அது எனுக்குத் தெரியணும்."

விரலைத் தொடாமல் படத்தைச் சேமித்தேன்.