நடுவில் இருந்தவள்

என் மனைவிக்கு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை. அங்குள்ள கருவிகள் நாள் முழுக்கப் புலம்பிக்கொண்டே இருக்குமாம், சூடு ஏறுகிறது, மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது என்று. சொல்வது கருவியின் வேலை. அதை வாங்கிக் கடத்த நடுவில் ஒரு கம்ப்யூட்டர். சேர்த்து வைக்கக் கடைசியில் இன்னொன்று. "ஒண்ணோட வேலையில இன்னொண்ணு மூக்கை நுழைச்சா குடி கெட்டுது" என்பாள்.

வீட்டில் அந்த நடுவேலை அவளுக்குத்தான். கடைசிக் காலத்தில் அப்பாவை யார் பார்த்துக்கொண்டது என்ற சண்டையில் அண்ணனும் நானும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்கு ஆகிறது. எதுவானாலும் அண்ணன் அவளுக்குத்தான் போன் செய்வார்.

"என்னவாம்?" என்பேன், அக்கறையே இல்லாதவன் போல.

"சும்மா விசாரிச்சார்."

பெரிய மனுஷன், விசாரிக்கிறாராம்! அத்தோடு சரி.

போன வாரம் மருந்து வைக்கும் குளிர்பெட்டி ஒன்று நின்றுபோனது. உள்ளே இருந்ததெல்லாம் வீண். பெட்டி ஒழுங்காக எச்சரிக்கவில்லை என்று அதைப் பராமரிக்கும் மெக்கானிக் தலையில் பழி விழுந்தது. இவள் பெட்டியிலேயே பதிவாகியிருந்ததை எடுத்துப் பார்த்தாள். அது ஓயாமல் எச்சரித்திருக்கிறது. கடைசிக் கம்ப்யூட்டரில்தான் ஒன்றுமே இல்லை. நச்சரிப்பு குறையட்டும் என்று, சின்ன எச்சரிக்கைகளைக் கடத்தாதே என நடுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்தது இவளேதான். மேலதிகாரியிடம் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"நல்லதுக்குத்தானே செஞ்சே, விடு" என்றேன்.

"வீட்டிலயும் நல்லதுக்குன்னுதான் செஞ்சேன். உங்க அண்ணன் சும்மா விசாரிக்கலை. ஒவ்வொரு தடவையும் 'அவனை வரச் சொல்லும்மா'ன்னுதான் சொன்னார். கூடவே உங்களைத் திட்டவும் செஞ்சார். திட்டைச் சொன்னா நீங்க எகிறுவீங்கன்னு எல்லாத்தையும் சேர்த்து முழுங்கிட்டேன். இப்பல்லாம் அவருக்குக் குரலே எழும்ப மாட்டேங்குது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மீது என்றுதான் தெரியவில்லை.

அண்ணனின் எண்ணை அழுத்தி அவள் போனை என் கையில் வைத்தாள். "இனிமே நான் நடுவுல இல்ல."

"சொல்லும்மா" என்றது ஒரு மெலிந்த குரல்.

"நான்தாண்ணே."

அவர் உடனே திட்டத் தொடங்கினார். ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.