காலை ஐந்தரைச் சோறு

நேற்று அறையைக் கூட்டும்போது கட்டிலடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி கிடைத்தது. பெட்டி இல்லை. மூடி மட்டும் செஞ்சியிலிருந்து இந்தத் தொழிற்பேட்டை ஊர் வரை என்னோடு வந்திருக்கிறது. முகர்ந்து பார்த்தேன் (சிரிக்காதீர்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள்). எத்தனை கழுவியும் போகாத எலுமிச்சை, பெருங்காயம். ஓரத்தில் மார்க்கரால் எழுதிய எண் பாதி அழிந்திருந்தது: 5.30.

டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த மாதங்கள் அவை. அம்மா தன் நாற்பத்திரண்டாவது வயதில் முதன்முதலாக வேலைக்குப் போனார், ஷூ கம்பெனிக்கு. காலை ஆறு மணிக்கு கம்பெனி பஸ். நைனா தடுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும்.

"ரெண்டு மாசம் போய்ப் பாரு. வூட்ல சோறு கெட்டுச்சுன்னா நின்னுடு."

"சமையல நான் பாத்துக்கிறேன்" என்றேன். "நீயா? சுடுதண்ணி வெக்கத் தெரியுமா?" என்று கேட்டது நைனா அல்ல, அம்மாதான்.

எனக்குத் தெரிந்தது அட்டவணை போடுவது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இடப்பக்கம் என்ன மீந்தது, வலப்பக்கம் அது என்னவாகும். மீந்த இட்லி, உப்புமா. புளித்த மாவு, பணியாரம். முள்ளங்கி வாங்கினால் தழை பொரியலுக்கு. சாம்பாரில் கத்தரிக்காய் போட்டுச் சுண்டவைத்தால் மறுநாள் குழம்பு. ராத்திரி வடித்த ரேஷன் அரிசிச் சோறு, காலையில் எலுமிச்சை சோறு. குப்பைக்குப் போவது கறிவேப்பிலைக் காம்பு மட்டுமே என்று பெருமை வேறு.

நைனா தட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பார். "இது நேத்து இன்னாவா இருந்துது?"

"சாம்பார், நைனா."

"முந்தாநேத்து?"

ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.

கம்பெனியில் அம்மாவைத் தாங்கியது பத்மா அத்தை. மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பம். முதல் வாரம் தையல் மெஷினுக்குப் பயந்து அம்மா அழுதபோது பக்கத்திலேயே நின்றவர். பஸ்ஸில் பையை வைத்து அம்மாவுக்கு இடம் பிடிப்பவர். மதியம் இருவரும் பெட்டிகளைத் திறந்து பாதிப்பாதி மாற்றிக்கொள்வார்கள். அதனால் அம்மா என்னிடம் ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்: "கிழங்கு போடாத, பத்மாக்கா துன்ன மாட்டாங்க. காலைல வடிச்ச சோறா வெய்யி." முதலாவதைப் பட்டியலில் எழுதினேன். இரண்டாவது சும்மா பேச்சுக்குச் சொன்னது என்று விட்டுவிட்டேன். பொருளை எழுதியவளுக்கு நேரத்தை எழுதத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செஞ்சிக் கடைத்தெருவுக்கு வந்த அத்தை எங்கள் வீட்டுக்கும் வந்தார். காபி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னாடி மாயம் பண்ற? என் எலுமிச்ச சோறு களி மாரி ஆயிடுது. உன்னுது ஒண்ணோட ஒண்ணு ஒட்டல."

அம்மாவின் முகம் பூரித்தது. எனக்கும் உற்சாகம், பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். "அது ராத்திரி வடிச்ச சோறு அத்த. நல்லா ஆறி இறுகிடும். அதான் உதிருது."

தம்ளர் கீழே வந்தது. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை, ராத்திரி தங்கிய சோற்றைத் தொடுவதில்லை. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"எத்தினி நாளா?"

நானும் யோசிக்காமல் துல்லியமாகச் சொன்னேன்: "பதினோரு நாள்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார். காபி பாதி அப்படியே இருந்தது.

அம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "நாளைக்கி நான் போவல. எந்த மூஞ்சிய வெச்சிகினு அவங்க பக்கத்துல குந்துறது?" என்றார். நைனா போட்ட கெடு முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலை நான்கரைக்கு எழுந்து புதுச்சோறு வடித்தேன். தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். உதிர்ந்தது. பெட்டியில் அடைத்து மூடியில் நேரம் எழுதினேன். அம்மாவைக் கிளப்பி நானும் கூடவே நடந்தேன்.

பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் அத்தை. பக்கத்து இருக்கையில் பை. யாருக்காக என்று தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் பெட்டியை நீட்டினேன். "மன்னிச்சிக்கங்க அத்த. இது இன்னிக்கி வடிச்சது. நேரம் போட்டிருக்கேன்."

மூடியைப் பார்த்தார். "இன்னாடி இது, மருந்து சீசா மாரி?" சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "தெரியாம துன்னது போவட்டும். இனிமே கேட்டுட்டு எழுது." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

அந்த ஃபிரிட்ஜ் பழுதாகிப் போனது, பட்டியலும் அதன் கதவோடு போயிற்று. கம்பெனியில் இப்போது கேண்டீன் சாப்பாடு. வீட்டுப் பெட்டிகள் போவதில்லை. பஸ்ஸில் பை வைத்து இடம் பிடிப்பதும் இல்லை. அத்தை ஸ்கூட்டி ஓட்ட, அம்மா பின்னால் உட்கார்ந்து போகிறார்.

நேற்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். பெட்டி அங்கேதான் இருக்கிறதாம், புளி போட்டு, தட்டால் மூடி. ஊருக்குக் கொண்டுபோக வேண்டியவற்றின் பட்டியலில் முதலில் மூடியை எழுதினேன். அடுத்ததைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று, "பத்மா அத்தைக்கு இன்னாம்மா வேணும்?" என்றேன்.

"எலுமிச்ச சோறுதான். அங்க பண்ணி எடுத்துனு வரக்கூடாதாம். இங்க வந்து, அவங்க கண்ணு முன்னால வடிக்கணுமாம்."