ஆறாவது ஜீப்

எதிர்வீட்டுப் பிள்ளையின் கையில் நான்கு சூட்டுத் தழும்புகள் சேரும்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலாவது புளியங்கொட்டை அளவு. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே வாரத்தில் வந்தன. நான்காவது முழங்கைக்கு மேலே இருந்தது, இன்னும் ஆறவில்லை. எங்கள் வாசல் குழாயில் தண்ணீர் பிடிக்க அவள் குனிந்தபோது சட்டைக் கை மேலேறியதில் பார்த்தேன். முதல் மூன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. சோறு வடிக்கையில் பட்டிருக்கும், தோசைக்கல் சுட்டிருக்கும், சிறுபிள்ளைதானே என்று சொல்லிக்கொண்டேன். நான்காவதற்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் போடிமெட்டுச் சாலையோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணி அட்டவணையில் கோடு போடுகிற வேலை. பழக்கம் விடவில்லை. தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, பஸ்சில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று இன்றைக்கும் எண்ணுகிறேன். எண்ணிக்கொண்டே இருந்தால் எதிலும் இறங்க வேண்டியதில்லை. என் மனைவிதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள்.

அன்றும் அவள்தான் கேட்டாள். "அந்தப் புள்ளையவே பாத்துக்கிட்டு என்னத்த எண்ணுறீக?"

"நாலு இருக்கு."

"நாலா இருந்தா என்ன, நாப்பதா இருந்தா என்ன? போனைப் போடுங்க."

பிள்ளைக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. தாய் மலையில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள். முதல் புருஷன் இறந்து இரண்டு வருடத்தில் இன்னொருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் குரங்கணி வழியாக மேலே எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். வண்டியின் முன்கண்ணாடியில் பெரிதாக மயில் படம் ஒட்டியிருப்பான். வெளியில் நல்ல பெயர். கும்பிடு போடாமல் கடந்துபோக மாட்டான். பிள்ளை அவனைச் சித்தப்பா என்று கூப்பிடும். அவன் ஜீப் தெருவில் திரும்புகிற சத்தம் கேட்டால் குடம் நிறைவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடும்.

தாயிடம் ஒருமுறை என் மனைவி பேசிப் பார்த்தாள். "வாய்த் துடுக்கு சாஸ்தி ஆத்தா, அடிச்சாத்தான் அடங்குது" என்று சொல்லிவிட்டு அவள் தன் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அங்கே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

குழந்தைகளுக்கென்று வைத்திருக்கும் இலவச எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகவே பேசினாள். பெயர், வயது, தெரு, பள்ளி எல்லாம் கேட்டாள்.

"சூடு வைக்கும்போது நீங்க நேர்ல பார்த்தீங்களா சார்?"

"நேர்ல பாக்கல. சத்தம் கேட்டிருக்கேன். பதினாலு தடவை."

"பார்க்கல... சரி சார், 'சந்தேகம்'னு போட்டுக்கிறேன்."

புகார் எண் ஒன்று தந்தாள். பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு வீட்டில் இருப்பவர்கள் என்னைப்போலப் பென்ஷன் வாங்குகிறவர்கள்தான். மற்றவர்கள் காலை ஐந்தரைக்கே மலைக்கு ஜீப் ஏறிவிடுவார்கள், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும். அன்று பார்த்து நானும் மனைவியும் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். வந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், முக்குக் கடையில் விசாரித்தார்கள். "அது அவுக குடும்பத்து விசயம் சார், நமக்கு எதுக்கு?" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பள்ளி நானூறு அடி தூரம்தான். அங்கே போகவில்லை. மறுபடி போன் செய்தபோது, வீடு பூட்டியிருந்ததால் புகார் முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது.

நான் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்கே போனேன். ஒருமுறை அல்ல, மூன்று முறை. முதல் முறை மீட்டிங். இரண்டாம் முறை அதிகாரி விடுப்பு. மூன்றாம் முறை ஒரு பெண் அலுவலர் கிடைத்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். தற்காலிக வேலை. மேசையில் அடுக்கியிருந்த கோப்புகள் அவர் கழுத்து உயரம் இருந்தன. முழுவதும் கேட்டார், குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"இப்ப பிள்ளை எங்க இருக்கு சார்?"

அதுதான் சிக்கல். காய் எடுப்பு தொடங்கிவிட்டது. தாய் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். குரங்கணிக்கு மேலே, தொழிலாளர்கள் தங்கும் லயத்தில் வாரம் முழுக்க இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடிக்கு இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் விடுமுறை.

"அப்ப நான் மேலயே போயிடுறேன். ஆனா எங்களுக்கு வண்டி கிடையாது சார். இருக்கிற ஒண்ணும் தேர்தல் வேலைக்குப் போயிருக்கு."

"ஸ்டாண்டுல ஜீப் இருக்கும்மா. அதுல போயிரலாம்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்.

ஜீப் ஸ்டாண்டில் நமக்குப் பிடித்த வண்டியில் ஏற முடியாது. வரிசை உண்டு. முதலில் நிற்கிற வண்டி போனபிறகுதான் அடுத்தது ஆள் ஏற்றும். இன்று நிற்கிற இடத்திலிருந்துதான் நாளைக்கு வரிசை தொடரும். இதை மீறினால் சண்டை, அபராதம். நான் புதன்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மயில் படம் போட்ட ஜீப் ஆறாவதாக நின்றது.

வரிசை எழுதுகிற ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன அப்பு, நீங்களும் காய் எடுக்கக் கெளம்பிட்டீகளா? இந்த முட்டியோட ஏறுனா நீங்க ஒத்தக் காய் எடுக்கறதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும்."

"காலைல பத்துக்குள்ள எத்தனை வண்டிப்பா போகும்?"

"மூணு போகும். அதுக்கு மேல ஆளு ஏது?"

மூன்று போனால் அந்த அலுவலர் அம்மாவுக்கு நான்காவது வண்டி. அதற்கும் அவனுக்கும் நடுவில் இன்னொன்று. திருப்தியாக வீட்டுக்கு வந்தேன். அந்த அம்மாவிடம் அவன் ஜீப் ஓட்டுகிறவன் என்றோ மயில் படத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம், கணக்கு சரியாக இருந்தது. ஸ்டாண்டில் அவர் எதையாவது கேட்டு, அது அவன் காதுக்குப் போய்விடக் கூடாது என்றும் நினைத்தேன். கூடப் போகவும் இல்லை. என்னை அவனுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை விடியும் முன் மலையில் ஒரு சாவு. கேதத்துக்குப் போகிறவர்கள் வந்து நின்றால் முன்னால் நிற்கும் வண்டிகள் உடனே கிளம்ப வேண்டும், ஆள் நிறைகிறதா என்று பார்க்கக் கூடாது. அது ஸ்டாண்டின் வழக்கம். எனக்கும் தெரிந்த வழக்கம். இரண்டு வண்டிகள் அப்படிப் போய்விட்டன. வழக்கமான மூன்றும் போயின. அந்த அம்மா பத்து மணிக்குச் சொன்னபடி வந்து வரிசையில் நின்ற வண்டியில் ஏறினார்.

மாலை நான்கரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பெல்லாம் சேறு. மனைவி காப்பி கொடுத்தாள். முகத்தில் களைப்பு இருந்தாலும் நிம்மதியாகத்தான் இருந்தார்.

"பிள்ளையப் பார்த்துட்டேன் சார். நல்லா இருக்கு. தலை சீவிப் பூ வச்சு விட்டிருந்தாங்க. கையில காயம் இருக்குதான். ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்ல சூட்டுக் குழாய் போகுதே, அதுமேல விழுந்துட்டதா அம்மா சொல்றாங்க. பிள்ளையும் அதையேதான் சொல்லுது."

"தனியாக் கேட்டீகளா?"

"ஒரே ரூம்தானே சார். நான், அம்மா, பிள்ளை, அவ்வளவுதான். டிரைவர் அண்ணன் வாசல்ல நின்னாரு."

"டிரைவர் எதுக்கு வாசல்ல நிக்கணும்?"

"வழி தெரியாதுன்னு கூடவே வந்தாரு சார். ரொம்ப நல்ல மனுஷன். அந்தம்மா பேரைச் சொல்லி எந்த லயம்னு கேட்டேன், ஸ்டாண்டிலேயே 'நான் காட்டுறேன் மேடம்'னாரு. முன் சீட்டுல உட்கார வச்சாரு. குரங்கணியில வண்டி சூடாயிருச்சுன்னு நிறுத்தினாரு, முக்கால் மணி நேரம். டீ, பன்னு எல்லாம் வாங்கிக் கொடுத்தாரு. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு."

"நிறுத்துன எடத்துல யாருகிட்டயாச்சும் பேசினாரா?"

"பைக்ல ஒரு பையன் மேல போனான். அவன்கிட்ட ஏதோ சொல்லி விட்டாரு. ஏன் சார்?"

என் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஜீப் கண்ணாடியில என்ன படம்மா ஒட்டியிருந்துச்சு?" என்று கேட்டேன்.

"மயில்" என்றார்.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே புரிந்துகொண்டார். பையிலிருந்து கோப்பை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். "மடியில வச்சுப் படிச்சுக்கிட்டே போனேன் சார்" என்றார். "நாலு சூடு, எதிர்வீட்டுக்காரர் புகார்னு எல்லாம் அதுல இருக்கு. அவரு எட்டிப் பார்த்துக்கிட்டேதான் ஓட்டினாரு. எழுத்து வேலை ஜாஸ்தியா மேடம்னு கேட்டாரு."

நாளைக்கே போலீசோடு மேலே போக வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். அவர் அங்கேயே உட்கார்ந்து ஐந்து பேருக்குப் போன் செய்தார். இரண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவர், இன்றைக்குப் பார்த்து நலம் என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள், நாளைக்கு எப்படி மாற்றுவீர்கள் என்று கேட்டார். வண்டி திங்கட்கிழமை தருவதாகக் கடைசி ஆள் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அவன் எங்கள் வாசல் குழாயில் ஜீப் கழுவ வந்தான். கேட்காமலே ஹோஸைச் செருகினான். நான் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன்.

"மேடத்தப் பத்திரமா மேல கொண்டுபோயிக் கீழ எறக்கிவிட்டேன்ல அப்பு. சொன்னாகளா?"

நான் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன்.

"நாலுன்னு எழுதிக் குடுத்திருக்கீகளாம்ல. ஆயுசு பூரா எண்ணுன ஆளு, இதுல போயித் தப்பு விடலாமா? ஒண்ணு கொறையுது."

டயர் நான்கையும் நிதானமாகக் கழுவினான். குழாயை நன்றாக இறுக்கி மூடிவிட்டு, "வர்றேன் அப்பு, சோலி கெடக்கு" என்று கும்பிட்டுப் போனான். எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். உட்கார்ந்தே இருந்தேன். உள்ளே போய் அந்த அம்மாவுக்குப் போன் செய்து அவன் சொன்னதைச் சொன்னேன். அவர் அழுதார். திங்கட்கிழமைக்கு முன்னால் வண்டி வரவில்லை.

திங்கட்கிழமை லயத்தில் அந்த அறை காலியாகக் கிடந்தது. சனிக்கிழமையே கணக்கு முடித்துப் போய்விட்டதாக எஸ்டேட்டில் சொன்னார்கள். போடிமெட்டு தாண்டிக் கேரளத்துப் பக்கம் போனதாகப் பக்கத்து அறையில் பேச்சு. எந்த எஸ்டேட் என்று தெரியாது. அந்தப் பக்கம் ஏலத் தோட்டங்கள் நான் எண்ணி முடிக்கக் கூடியவை அல்ல. எல்லைக்கு அப்பால் எங்களுக்கு அதிகாரம் இல்லை, அங்கே கடிதம் எழுதியிருக்கிறோம் என்றது இங்குள்ள அலுவலகம். முகவரி இல்லாமல் தேட முடியாது என்று அங்கிருந்து பதில் வந்தது. பதில் வர நாற்பத்தாறு நாள் ஆயிற்று. பள்ளியில் தொடர்ந்து வராத பிள்ளை என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பெண் அலுவலரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. போகும் முன் ஒருமுறை போனில், "நான் தனியாப் போன முதல் விசாரணை சார் அது" என்றார். ஸ்டாண்டைக் காட்டியவன் நான்.

தைப்பொங்கல் கழிந்து தாய் மட்டும் வந்தாள், வீட்டைக் காலி செய்ய. பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நானும் மனைவியும் போய் நின்றோம்.

"புள்ள எங்கத்தா?"

"இருக்கா."

"எங்க இருக்கா? எந்த எஸ்டேட்டு?"

"ஒங்களுக்கு எதுக்கு அது?" நிமிராமலே சொன்னாள். "நீங்க சும்மா இருந்திருந்தீகன்னா சீசன் முடிஞ்சு பள்ளிக்கூடத்துக்காச்சும் போயிட்டு வந்திருப்பா. மத்தியானம் ஒரு நேரம் முட்டையோட சோறு தின்னுருப்பா. இப்ப அதுவும் இல்ல. போங்க, வெரசாப் போங்க, அவரு வண்டியோட வந்துருவாரு."

"எங்ககூட விட்டுரு ஆத்தா, நாங்க பாத்துக்குறோம்" என்றாள் என் மனைவி.

அவள் முதல்முறையாக எங்களை நிமிர்ந்து பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். ஜீப் சத்தம் கேட்டது. சாக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மறுநாள் மறுபடியும் பஸ் ஏறினேன். அந்த நாற்காலியில் இப்போது வேறொரு பெண், இன்னும் இளையவர். பழைய புகார் முடிந்துவிட்டது, புதிதாகத்தான் பதிய வேண்டும் என்றார். கணினியில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பெயர், வயது, தாய், வளர்ப்புத் தந்தை, காயங்கள் எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன்.

"பிள்ளை இப்ப இருக்கிற முகவரி சார்?"

"தெரியாதும்மா."

"அதை நிரப்பாம அடுத்த பக்கம் போகாது சார். தோராயமாச் சொன்னாலும் போதும்."

"போடிமெட்டுக்கு மேல."

"தமிழ்நாடா, கேரளாவா? ரெண்டுல ஒண்ணைத்தான் தொட முடியும்."

கேரளம் என்றால் புகார் இங்கே நிற்காது. தமிழ்நாடு என்றால் பொய். தமிழ்நாடு என்று போடச் சொன்னேன். எந்த ஊர் என்று அடுத்த கட்டம் கேட்டது.