நான் மறைத்த சிரிப்பு

பதினைந்து வருடமாகக் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். சூலூர்க் கல்யாணம் ஒன்றில் என் கேமராவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மணமகளின் சித்தி செல்போனில் எடுத்த படங்களைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியது.

"உங்க போன்ல படம் எத்தன அழகா உழுகுதுங்கக்கா!"

எனக்கு வயிறு எரிந்தது. தாலி கட்டும்போது சித்தி போனைத் தூக்கினார். வேண்டுமென்றே குறுக்கே போய் நின்றேன். பக்கவாதம் வந்ததிலிருந்து சிரிக்காமலே இருந்த மணமகளின் அப்பா, அந்த நொடியில் சிரித்தார். என் கேமராவோ தாலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் மணமகள் கேட்டாள். "ஏனுங்கண்ணா, அப்பா சிரிச்சாருங்களே, அந்தப் படம் இருக்குதுங்களா? சித்தி போன்ல உங்க முதுகுதானுங்க உழுந்திருக்குது."

"இல்லீங்க அம்மணி."

"பரவால்லீங்கண்ணா, கூட்டத்துல உங்களுக்கெப்படித் தெரியும்?" என்று அவளே என்னைத் தேற்றினாள்.

தெரிந்தேதான் நின்றேன் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.