தாழக் கட்டிய கம்பி

ஆக்னலுக்கு நான் ஒன்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது? கொடைக்கானலில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் அவனிடம் தொலைவூர்க்காரர்களோடு பொழுதுபோக்காகப் பேசுகிற பழைய ஹாம் ரேடியோ செட் ஒன்றைப் பதினைந்தாயிரத்துக்குப் பேசி, ஆறாயிரம் கொடுத்திருந்தேன். மிச்சம் நின்றது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஓட்டல்களில் வயரிங் வேலை பார்த்தே வீடு கட்டினேன், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன். அறுபத்து மூன்று வயதில் ஹாம் ரேடியோ பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். எங்கள் சங்கத்தில் பட்டம் படித்தவர்களே இரண்டு தடவை எழுதினார்கள். நான் ஒரே தடவை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை பூம்பாறைக்கு மேலே மலையில் செட்டுகளை வைத்துப் பேசுவது என்று சங்கத்தில் முடிவானது. ஒட்டன்சத்திரத்தில் ராஜகுமாரி டீச்சர் தன் வீட்டு செட்டோடு காத்திருப்பார். காலை பதினொரு மணிக்கு அவரைப் பிடிக்க வேண்டும்.

எந்த ஆண்டெனா என்பதுதான் கேள்வி. ஆக்னல் கடையில் மடக்குக் குச்சி ஆண்டெனா பதினான்காயிரம். "கடனோட கடனா எழுதிக்கிறேண்ணே" என்றான். மாட்டேன் என்றேன். ஒற்றைக் கம்பியை மரத்தில் ஏற்றலாம். ஆனால் அதன் அடியில் ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றி வைக்க வேண்டும், அது மக்கர் செய்தால் மலையில் வைத்துத் திருத்த முடியாது. நடுவில் ஒரு கொம்பு, அதிலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் வீட்டு வயர் சரிவாக இறங்கினால் போதும். கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. அதையே எடுத்தேன்.

தைலமரக் கொம்பை மூன்று ஆள் உயரத்துக்கு நட்டு, சிவப்பு வயரை இழுத்துக் கட்டினேன்.

"என்னண்ணே, துணி காயப்போடக் கொடி கட்டுறீங்களா?" என்றான் ஆக்னல்.

"ஒன் கோவணத்தையும் கொண்டாடா, சேத்துப் போடுறேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆக்னலுக்கு முகம் சுருங்கியது. "இந்தக் கொடியில ஒட்டன்சத்திரம் கேக்கலைன்னா செட்ட என் ஜீப்புல வச்சிட்டு எறங்குங்க. குடுத்த ஆறாயிரமும் வாடகைக்குச் சரியாப் போச்சு."

"அண்ணே, வீம்புக்கு ஒத்துக்காதீங்க" என்றார் சேனாதிபதி, பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஒத்துக்கிட்டாச்சு" என்றேன்.

ஆண்டெனா சரியா என்று மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் எகிறியது; அலை வெளியே போகாமல் செட்டுக்கே திரும்புகிறது என்று அர்த்தம். ஆக்னல் பல்லைக் காட்டினான். எனக்குப் புரிந்துவிட்டது: புத்தகத்தில் போட்ட நீளம் வெறும் கம்பிக்கு. என்னுடையது பிளாஸ்டிக் உறை போட்ட வயர்; கொஞ்சம் குட்டையாக இருக்க வேண்டும். இரு முனையிலும் ஒரு சாணும் நாலு விரலும் மடித்துச் சுற்றினேன். முள் படுத்துக்கொண்டது.

பதினொன்றுக்கு ஆக்னல் தன் குச்சி ஆண்டெனாவில் முதலில் கூப்பிட்டான். ஐதராபாத்திலிருந்து ஒருவர் பளிச்சென்று பதில் சொன்னார். ஒட்டன்சத்திரம் மட்டும் இல்லை. "டீச்சர் செட்டே போடலை போல" என்றான்.

நான் மைக்கை எடுத்து என் அழைப்புக்குறியைச் சொன்னேன். உடனே டீச்சர் குரல் வந்தது.

"பரமானந்தம் அண்ணா! பக்கத்து வீட்ல நின்னு பேசுற மாதிரில்ல இருக்கு! ஆக்னலு எங்க, ஆளையே காணோம்?"

குச்சி ஆண்டெனா அலையைத் தொலைவுக்கு எறியும். பக்கத்து ஊர்க்காரன் தலைக்கு மேலே போய்விடும். தாழக் கட்டிய கம்பி நேரே வானத்துக்கு எறியும். அது மேலே மோதித் திரும்பிச் சுற்றுவட்டாரம் முழுக்க விழும். நடுவில் எத்தனை மலை நின்றாலும் எனக்கென்ன?

ஆக்னலைத் தவிர மலைக்கு வந்திருந்த மற்ற ஆறு பேரும் அங்கேயே தங்களுக்கும் ஒன்று கட்டித் தரச் சொன்னார்கள். ஒன்று ஆயிரத்தைந்நூறு, கேபிளும் வயரும் அவர்களுடையது, கைவேலை என்னுடையது. பத்தே நாளில் ஆறையும் கட்டிக் கொடுத்தேன். கையில் பணம் சேர்ந்த அன்றே ஆக்னல் கடைக்குப் போனேன்.

"இதுக்குப் போயி நடந்து வரணுமாண்ணே? ஜிபே பண்ணியிருக்கலாம்ல" என்றான், போனைப் பார்த்தபடி.

"கையை நீட்டுறா."

நீட்டினான். கடையில் நின்றவர்கள் காது கேட்க, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் வைத்து எண்ணினேன், பதினெட்டு வரைக்கும்.