அறுபது மிசினும் ஒரு வளையமும்

சிவனேஸ்வரி துவாரத்துக்குள் ஓலை ஈர்க்கை விட்டுக் குத்தினாள். நாலு நெல் விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. சேற்றில் முழங்காலூன்றி, விதைப்பு மிசினின் உருளையைத் தட்டினாள். உள்ளே முளைவிட்ட நெல் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது.

"முளை தலைமயிர் மாதிரி வளர்ந்திட்டுது. உதுக்கு மிசின் சரிவராது பிள்ளை, சீப்புக் கொண்டு வா" என்றார் வரம்பில் நின்ற வயற்காரர் வீரகத்தி.

சிவனேஸ்வரி சிரிக்கவில்லை. கண்டாவளையில் வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் இரண்டு நாள் பிந்தினால் ஊறவைத்த நெல் பொறுத்திருக்காது, முளை நீண்டுவிடும். கொழும்புக் கொம்பனி கொடுத்த வரைபடத்தில் அந்த இரண்டு நாள் இல்லை. மிசினில் எழுதியிருப்பது கொம்பனியின் பெயர். இரும்பை ஒட்டிச் செய்தவள் இவள் என்பது ஊருக்குத் தெரியும். முறைப்பாடு இவளிடம்தான் வரும்.

போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில், தொழிற்பயிற்சி வகுப்பில் வெல்டிங் படித்த ஒரே பெண் அவள். பரந்தனில் பட்டறை போட்டுப் பதினொரு வருடம். செய்கிற விதைப்பு மிசின் எல்லாவற்றையும் எடுப்பது அந்த ஒரு கொம்பனிதான்.

உருளையைச் சுற்றி ஒரு தகட்டு வளையம் போட்டாள். அதைத் திருப்பினால் துவாரம் பெரிதாகும். வளையத்தை வெட்டி வளைத்துக் கொடுத்தவர் அடுத்த ஒழுங்கையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழனியாண்டி. ஏழு வளையம் செய்வித்துப் பார்த்தாள்.

"எட்டாவதுக்கு வந்தீங்கன்னா கதவச் சாத்திடுவேன் தங்கச்சி" என்றார் பழனியாண்டி.

ஏழாவது வளையம் தடையில்லாமல் விதைத்தது. அதைப் பற்றிக் கொம்பனிக்கு எழுதிப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கொம்பனியின் கள அலுவலர் தேனுகா கடிதத்தோடு வந்தாள். அடுத்த போகத்துக்கு அறுபது மிசின். வளையத்துக்குச் சம்மதம். ஆனால் வளையத்தைக் கொம்பனிக்கு வழக்கமாகத் தகடு வெட்டுகிற கொழும்புப் பட்டறையே செய்து அனுப்பும்.

"நல்லதுதானே அக்கா. உங்களுக்கு வேலை மிச்சம்."

"அடுத்த முறை வேறை ஏதாவது அடைச்சால்?"

"எழுதி அனுப்புங்கோ. பாப்பினம்."

"காலமை பிழைச்சதை லேத் பட்டறை அண்ணை பின்னேரம் திருத்தித் தந்தவர். கொழும்புக்கு எழுதினால் ஒரு போகம் போயிடும். உந்த வரியை வெட்டாமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"அறுபதும் போனால்?"

சிவனேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "கேற்றும் யன்னல் கம்பியும் ஒட்ட வேண்டியதுதான். முந்திச் செய்த வேலைதானே." கை மட்டும் கடிதத்தின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தது.

தேனுகா வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். படம் எடுத்தாள். "நீங்கள் சொன்னதை அப்பிடியே சொல்லுறன் அக்கா. என்ரை சொல்லு எவ்வளவு எடுபடுமெண்டு தெரியேல்லை."

மறுநாள் புதன்கிழமை. ஏழரைக்குப் பட்டறையைத் திறந்தாள். பத்தரை வரை மின்சாரம் இல்லை. பதினொன்றே காலுக்குத் தேனுகா கொம்பனியின் பதிலோடு போன் எடுத்தாள். இருபது மிசினுக்கு வளையத்தைப் பரந்தனிலேயே வெட்டலாம். மிச்சம் நாற்பதும் வளையமில்லாமல் பழைய வரைபடப்படி. போகம் முடிந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசலாம். சிவனேஸ்வரி ஓமென்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பழனியாண்டி வந்து அளவெடுத்தார். பின்னேரத்துக்குள் நான்கு வளையம் முடிந்தது. ஒன்று கோணல். அதைத் திரும்ப வளைத்தார்கள்.