இரண்டைப் போடலாமா?

பெண் பார்க்க வந்தவர் மொட்டை மாடியில் வைத்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ரூட்டுக்குள்ள எக்ஸ் மைனஸ் மூணு. இதுக்கு டொமைன் சொல்லுங்க."

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம். அவரும் கணிதம் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கூச்சத்தில் கேட்டாரா, பரீட்சை வைத்தாரா, புரியவில்லை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அம்மா காலையிலேயே, "வாயத் தொறக்காத, இந்த இடமாவது நல்லபடியா முடியட்டும்" என்று சொல்லியிருந்தாள். டொமைன் என்பது ஒரு சார்பில், அதாவது ஃபங்ஷனில், எந்த எண்ணைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது. அதை வாயைத் திறக்காமல் எப்படிச் சொல்வது?

"மூணும் அதுக்கு மேலயும்" என்றேன். வாத்தியார் மாதிரி தலையாட்டினார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. கிடந்த ஓட்டுச் சில்லை எடுத்துத் தரையில் எழுதினேன்: மேலே x²−4, கீழே x−2. "இதுக்கு நீங்க சொல்லுங்க."

மேலும் கீழும் வெட்டினார். x+2 என்று நின்றது. "எல்லா நம்பரும் போடலாம்."

"ரெண்டைத் தவிர."

"ரெண்டு போட்டா நாலு வருதேங்க!"

"வரும். ஆனா போடக் கூடாது."

ஏன் என்று கேட்டார். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் எனக்கும் தலை சுற்றியது.

கீழே இறங்கினோம். அவருடைய மாமா, "இன்னா நைனா, பொண்ணு புடிச்சிகீதா?" என்று கேட்டார். இவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டும் நிமிரவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

"இன்னாடி கேட்டே அந்தப் புள்ளைய? பேயறைஞ்ச மாதிரி குந்திகினு இருந்துச்சே!" என்று திட்டிய அம்மா அன்று சாப்பிடவில்லை. ஒரு வாரம் தகவலே இல்லை. எனக்கு வருத்தமா, நிம்மதியா, எதுவும் பிடிபடவில்லை. புத்தகத்தை எடுத்தால் அவர் முகம் வந்தது. அதற்கும் கோபம் வந்தது.

அப்புறம் ஒருநாள் காலேஜ் விட்டு பருத்திப்பட்டு ஸ்டாப்பிங்கில் இறங்கினால், நிற்கிறார். யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று சுற்றிலும் பார்த்தேன்.

"வெட்டுறதுக்கு முன்னாடியே பாக்கணுங்க" என்றார். "ரெண்டு போட்டா கீழ சைபர். அப்பவே அது வெளிய போயிடுது. வெட்டினப்புறம் பாத்தா தெரியாது."

"இதைச் சொல்லவா வந்தீங்க? எங்கம்மா ஒரு வாரமா அழுதுகினு கீறாங்க!"

திகைத்துப்போனார். கணக்கு யோசனையில் அன்றைக்கு மாமா கேட்டது அவர் காதிலேயே விழவில்லையாம். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் புடிச்சிருக்கு. உங்களுக்கு?" என்றார்.

மூன்று இடம் வந்து பார்த்தும், அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் வீட்டிலும்கூட. "தெரியலை" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.